ஆகஸ்டில் மத்தியதரைக்கடல் பக்கம் போகலாமா? காட்டுத்தீக் காலத்துக்கு நான்கு வழிகள்

லண்டன், பாரிஸ், சூரிச் என்று இருக்கும் நம் குடும்பங்கள் பல ஜனவரியிலேயே கிரீஸுக்கோ துருக்கிக்கோ ஸ்பெயினுக்கோ முன்பணம் கட்டிவிடுகின்றன. ஜூலை வந்ததும் டிவியில் ஒரு மலை எரிகிறது. ஊரிலிருந்து அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "கிரீஸ் முழுக்க எரியுதாமே, போகாதீங்கப்பா." பிள்ளைகள் பெட்டி கட்டி முடித்திருப்பார்கள். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இதோடு விசாத் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: போகலாமா, மாற்றலாமா, விட்டுவிடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாடு என்பதைவிட எந்த ஊர், அந்த ஊருக்கு எத்தனை சாலை, டிக்கெட்டை எப்படி எடுத்தோம் என்ற மூன்றும்தான் முக்கியம். ஆனால் வீட்டுப் பேச்சில் இந்த மூன்றும் கடைசியில்தான் வருகின்றன, சில வீடுகளில் வருவதே இல்லை.

## எதைப் பார்த்து முடிவெடுப்பது

தீ வருமா என்று ஜனவரியில் யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய 2006க்குப் பிறகு அதுதான் உச்சம். ஆனால் அதில் பெரும்பங்கு போர்ச்சுகலிலும், ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா, சமோரா பக்கத்து மலையூர்களிலும் எரிந்தது. தென்கிழக்கே கோஸ்டா பிளாங்கா கடற்கரையில் குடை விரித்துப் படுத்திருந்தவருக்கும் அந்தத் தீக்கும் பல நூறு கிலோமீட்டர் இடைவெளி. "ஸ்பெயின் எரிகிறது" என்ற தலைப்பு இருவருக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது.

அதனால் நான் முதலில் பார்ப்பது வெளியேறும் வழியை. ஏதென்ஸுக்குக் கிழக்கே மாட்டி என்ற கடற்கரை ஊரில் 2018 ஜூலை 23 அன்று தீயில் 104 பேர் இறந்தார்கள். மலையிலிருந்து பலத்த காற்றோடு இறங்கிய தீ கொஞ்ச நேரத்திலேயே கடலை எட்டிவிட்டது. குறுகிய தெருக்கள், முட்டுச் சந்துகள், கடலுக்கு இறங்க வழியில்லாத செங்குத்துக் கரைகள். கடலுக்குச் சில பத்து மீட்டர் தூரத்தில் ஒரே இடத்தில் 26 பேர் இறந்து கிடந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தேயில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர், மரங்களுக்கு நடுவே போகும் ஒரே சாலையில் தப்பிக்கப் பார்த்தவர்கள்.

இதோடு 2023இல் கிரீஸின் ரோட்ஸ் தீவில் நடந்ததை வைத்துப் பாருங்கள். ஜூலை 18இல் உள்மலையில் தீ தொடங்கியது. நான்கு நாள் அது மலைக்குள்ளேயே இருந்தது. 22ஆம் தேதி காற்று திரும்பியதும் கியோட்டாரி, லார்டோஸ் போன்ற தென்கிழக்குக் கடற்கரை ஊர்களை நோக்கி ஓடியது. ஏறக்குறைய 19,000 பேரை பஸ்ஸிலும் படகிலும் நடத்தியும் வெளியேற்றினார்கள். கிரீஸ் கண்டதிலேயே பெரிய வெளியேற்றம் அது. பள்ளிக்கூடத்திலும் விளையாட்டரங்கிலும் தரையில் படுத்துத் தூங்கினார்கள், பெட்டிகளைத் தொலைத்தார்கள். ஆனால் உயிரோடு திரும்பினார்கள். இறங்கக்கூடிய நீண்ட மணற்கரையும் தீவின் வடக்கே எரியாத நகரமும் இருந்தது பெரிய உதவி.

இரண்டாவது பணம்: திட்டம் கெட்டால் எது திரும்பி வரும், எது வராது. மூன்றாவது நாட்கள், அதாவது பள்ளி விடுமுறை, அலுவலக லீவு, விசாத் தேதி. நான்காவது உடல்நிலை. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ இதயநோய் உள்ள அப்பாவோ கூட வந்தால் தீயைவிடப் புகையும் 40 டிகிரி வெயிலும்தான் முதல் கவலை. ஐந்தாவதாக ஒன்று உண்டு, பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை: நாம் போவது உள்ளூர்க்காரர்களுக்கு உதவியா, பாரமா?

## வழி 1: எடுத்த தேதியில், எடுத்த இடத்துக்கே

பள்ளி விடுமுறையோடு கட்டுண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் கடைசியில் இதைத்தான் செய்யும். அதில் தவறில்லை. ரோட்ஸ் தீயின்போதும் தீவின் மிகப் பெரும்பகுதி எரியவில்லை. வடக்கே ரோட்ஸ் நகரில் கடைகள் திறந்தே இருந்தன. அதே வருட ஆகஸ்டில் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவின் வடக்கு மலைகளில் பெருந்தீ எரிந்து 12,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறியபோது, தெற்கேயுள்ள சுற்றுலாக் கடற்கரைகளைத் தீ தொடவே இல்லை.

ஆனால் பணம் விஷயத்தில் இந்த வழிதான் அதிகம் ஏமாற்றும். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜாக எடுத்திருந்தால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உங்களுக்குப் பிடிமானம் உண்டு. போகும் இடத்தில் அல்லது அதை ஒட்டிய பகுதியில் தவிர்க்க முடியாத, அசாதாரணச் சூழ்நிலை வந்து பயணத்தைப் பெரிதும் பாதித்தால், அபராதம் இல்லாமல் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம். அங்கே போய் மாட்டிக்கொண்டு திரும்ப முடியாவிட்டால் பொதுவாக மூன்று இரவுவரை தங்குமிடச் செலவும் ஏற்பாட்டாளர் தலையில். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே விதிதான். கவனிக்க வேண்டிய சொல் "ஒட்டிய பகுதியில்". தீவின் மறுகோடியில் எரிகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் அது கணக்கில் வராது.

விமானத்தைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் எடுத்தவர் நிலை வேறு. விமானம் ரத்தானால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ கிடைக்கும். விமானம் பறந்து நீங்கள் ஏறாவிட்டால் பணம் போனதுதான். 2023இல் ரோட்ஸ் எரிந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை இரவிலும் விமானங்கள் புதிய பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தன. பயணக் காப்பீடும் பல நேரம் கைகொடுப்பதில்லை. "போக மனமில்லை" என்பதை எந்த நிறுவனமும் ஏற்காது. உங்கள் அரசு "அங்கே போகாதீர்கள்" என்று முறையாக அறிவித்தால்தான் பல பாலிசிகள் அசையும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக நாம் கட்டாயமாக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவத்துக்கும், உடல்நிலை கெட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் ஆனது. பயணம் ரத்தாவதற்கு அதில் பொதுவாக ஒரு பைசா கிடையாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு பூட்டிய கதவுகள். கடும் வெப்ப நாட்களில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றை நடுப்பகலில் மூடிவிடுகிறார்கள். பிரான்ஸின் மார்சே நகரை ஒட்டிய கலாங்க் மலைப் பகுதிகளில் கோடை முழுக்க அன்றாடம் தீ அபாயம் பார்த்துத்தான் ஆளை விடுவார்கள். காற்று பலமாக இருந்தால் நடைபாதைக்கே தடை. கிரீஸிலும் அபாயம் உயர்ந்த நாட்களில் காடுகளுக்குள் போகத் தடை போடுவார்கள். மலையேற்றத்துக்காகவே போகிறவருக்கு ஆகஸ்ட் வீண்.

கடற்கரை போதும், பேக்கேஜாக எடுத்தாயிற்று, ஹோட்டல் பைன் காட்டைத் தோளில் சுமக்காத ஊரில் இருக்கிறது என்றால் போய்வாருங்கள். மலைச்சரிவில், ஒற்றைச் சாலையின் முடிவில், மரங்களுக்கு நடுவே "அமைதியான வில்லா" எடுத்திருந்தால் ஊரை மாற்றாவிட்டாலும் வீட்டையாவது மாற்றுங்கள். விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் அந்த அலெப்போ பைன் மரத்தில் பிசின் அதிகம், எளிதில் பற்றும். அதன் காய்களில் ஒரு பகுதி தீயின் சூட்டில்தான் வெடித்து விதையைச் சிதறும். எரிந்து முளைப்பதற்கே பழகிய மரம் அது. அதன் நிழலில் கட்டிய வீட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

## வழி 2: இடம் அதே, மாதம் வேறு

லீவு நம் கையில் இருந்தால் இதுதான் என் முதல் தேர்வு. ஆனால் "சீசன் முடிந்து போனால் ஆபத்தில்லை" என்ற நம்பிக்கையும் முழுசாக நிற்காது. கிரீஸில் தீக்காலம் என்று அதிகாரபூர்வமாகச் சொல்வதே மே 1 முதல் அக்டோபர் 31 வரை.

| மாதம் | தீ | கடல் | வேறு கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| மே | குறைவு. மண்ணில் குளிர்கால ஈரம் மிச்சம் இருக்கும் | குளிர்ச்சி | சில ஹோட்டல்களும் படகுகளும் அப்போதுதான் தொடங்கும் |
| ஜூன் | ஏறும். பெத்ரோகாவ் கிராந்தே 2017, கிரீஸ் தீவுகளான ஹைட்ரா 2024, கியோஸ் 2025 எல்லாம் ஜூனில்தான் | நன்று | மாதத்தின் முதல் பாதி மேல் |
| ஜூலை, ஆகஸ்ட் | உச்சம் | வெதுவெதுப்பு | கூட்டம், விலை, வெப்ப அலை |
| செப்டம்பர் | முதல் நல்ல மழைவரை குறையாது | வருடத்திலேயே மிக இதமான நேரங்களில் ஒன்று | புயல் மழை. 2023இல் டேனியல் புயல் கிரீஸின் தெசாலிப் பகுதியை மூழ்கடித்தது |
| அக்டோபர் | பெரும்பாலும் தணியும். 2017 அக்டோபர் 15இன் போர்ச்சுகல் தீக்கள் விதிவிலக்கு | கிரீட், சைப்ரஸ் பக்கம் இன்னும் குளிக்கலாம் | திடீர் வெள்ளம். 2024 அக்டோபர் 29இல் ஸ்பெயினின் வாலென்சியாப் பக்கம் 220 பேருக்கு மேல் இறந்தார்கள் |

அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தால் புரியும்: தீயிலிருந்து தப்பி வெள்ளத்தின் பக்கம் போகிறோம். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளத்துக்கு வறண்ட ஆற்றுப்படுகையை ஒட்டித் தங்காமல் இருப்பதும், எச்சரிக்கை வந்தால் காரை எடுக்காமல் மாடியில் இருப்பதும் பெரும்பாலும் போதும். தீக்கு ஊரையே விட்டுக் கிளம்ப வேண்டும்.

பிள்ளைகள் பள்ளியில் படித்தால் இந்த வழிக்கு விலை உண்டு. இங்கிலாந்தில் பள்ளி நாளில் விடுமுறைக்குக் கூட்டிப்போனால் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம், கட்டத் தாமதித்தால் 160. ஆகஸ்ட் விலைக்கும் அக்டோபர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தோடு இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியோடு மனஸ்தாபம் அந்தக் கணக்கில் வராது. அக்டோபர் கடைசியில் வரும் இலையுதிர் விடுமுறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த வாரத்துக்கு கிரீட்டோ சைப்ரஸோ மால்டாவோ நல்ல தேர்வு.

பெற்றோரைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவருகிறவர்களுக்கு மே அல்லது அக்டோபர்தான். வேறு பேச்சே வேண்டாம். சித்திரை வெயிலில் வளர்ந்தவர்கள்தானே என்று நினைத்து ஆகஸ்டில் ஏதென்ஸின் கல் படிகளில் ஏற்றினால், அங்கே நிழலே இல்லை.

## வழி 3: மாதம் அதே, இடம் வேறு

எரிவதற்கு மரம் இல்லாத ஊராகப் பார்த்துப் போவது. கேட்க விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிற யோசனை.

மால்டாவில் காடு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆங்கிலம் பேசுகிறார்கள், பஸ்ஸிலேயே தீவு முழுக்கச் சுற்றலாம். சாண்டோரினி, மைக்கோனோஸ், பரோஸ் அடங்கிய சைக்ளேட்ஸ் தீவுகளும் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். புல்லும் புதரும் அங்கேயும் எரியும், ஆனால் ரோட்ஸில் நடந்தது மாதிரி நாள்கணக்கில் காட்டுக்குள் வளர்ந்து பாய இடம் இல்லை. இதற்கு நேர் எதிர் பிரான்ஸின் கோர்சிகா, கிரீஸின் எவியா, துருக்கியின் மர்மாரிஸ் பக்கம். காடும் கடலும் கைகோக்கும் இடங்கள், அழகே அதுதான். 2021இல் எவியாவிலும் துருக்கிக் கடற்கரையிலும் மக்களைப் படகில் ஏற்றி வெளியேற்றியதும் அதனால்தான்.

மொட்டைத் தீவுகளின் மறைமுகச் செலவுகள்: ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலை ஆட்டிவைக்கும், படகுகள் ரத்தாகும், அடுத்த தீவில் எடுத்த அறை வீணாகும். சாண்டோரினியில் 2025 தொடக்கத்தில் தொடர் நிலநடுக்கத்தால் ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டே போனார்கள். மால்டாவில் 2023 ஜூலை வெப்ப அலையின்போது மின்வெட்டு நாள்கணக்கில் நீடித்தது. ஏசி இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெருநகரம் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் வர்னாவாஸ் என்ற ஊரில் தொடங்கிய தீ ஏதென்ஸின் புறநகர் வீடுகள் வரை வந்து, ஒரு பெண் இறந்தார். 2025 ஜூலை 8இல் மார்சேயின் வாசலில் தீ வந்து விமான நிலையத்தையே மூடினார்கள். நகரத்தில் உயிர் ஆபத்து குறைவுதான். புகைக்கு மட்டும் நகர எல்லை தெரியாது.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இந்த வழியைக் கடைசி நேரத்தில் எடுக்க முடியாது. முதன்மையாக எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். கிரீஸ் விசாவை வாங்கிக்கொண்டு முழுப் பயணத்தையும் மால்டாவுக்கு மாற்றினால் எல்லையில் கேள்வி வரலாம். புதிதாக விண்ணப்பித்தால் மறுபடி 90 யூரோ கட்டணம், அதைவிடக் கடினம் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது. கிரீஸ் விசா இருந்தால் கிரீஸுக்குள்ளேயே ரோட்ஸிலிருந்து சைக்ளேட்ஸுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

"பேசாமல் வடக்கே போய்விடலாமே, ஸ்காட்லாந்து, நார்வே" என்பவர்களும் உண்டு. போகலாம், நல்ல ஊர்கள். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் 2025 ஜூனில் பெரிய தீ எரிந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். கடலில் குளிக்க ஆசைப்பட்ட பிள்ளைகளை அங்கே சமாதானப்படுத்துவது உங்கள் பாடு.

## வழி 4: தீ பட்ட ஊருக்கே, அடுத்த வருடம்

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் பரிந்துரைக்கிறேன்.

எரிந்த சரிவில் அடுத்த சில வருடங்கள் பெருந்தீக்கு வேண்டிய விறகு குறைவு. அறைக்கும் கூட்டம் குறைவாக இருக்கலாம். ரோட்ஸில் 2023 ஜூலையில் வெளியேற்றப்பட்ட விருந்தினர்களுக்கு கிரீஸ் அரசே அடுத்த வருடம் 300 முதல் 500 யூரோ வரை வவுச்சர் கொடுத்துத் திரும்ப அழைத்தது. தீவின் பிழைப்பு சுற்றுலாதான். ஹோட்டல் ஊழியர்கள் கோடை ஆறேழு மாதத்தில் சம்பாதித்து வருடத்தை ஓட்டுகிறவர்கள். அன்று தெருவில் நின்ற வெளிநாட்டவருக்கு உணவும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

குறைகள்? கறுத்த மரங்கள். நடைபாதைகள் மூடியிருக்கலாம். வேர் பிடிப்பு போன சரிவில் பெருமழை பெய்தால் மண்ணும் கல்லும் இறங்கும், ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன் போவது நல்லது. பச்சைமலைப் பின்னணியில் புகைப்படம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

## அங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்

சுற்றுலாப் பயணிக்குத் தீ ஒரு வாரத்து இடைஞ்சல். ஊர்க்காரருக்கு அது கோபமும் சந்தேகமும் கலந்த விஷயம். நிலத்தைக் காலி செய்து ஹோட்டல் கட்டத்தான் தீ வைக்கிறார்கள் என்ற பேச்சு இத்தாலியிலும் கிரீஸிலும் ஸ்பெயினிலும் வெகுகாலமாக உண்டு. சட்டங்களிலேயே அதன் தடம் இருக்கிறது. எரிந்த காட்டை மீண்டும் காடாக்கியே தீர வேண்டும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று கிரீஸ் அரசியல் சட்டமே சொல்கிறது. இத்தாலியில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி எரிந்த நிலத்தின் பயன்பாட்டை 15 வருடம் மாற்ற முடியாது, ஸ்பெயினில் 30 வருடம். உண்மையில் ஐரோப்பாவின் தீக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் தொடங்குபவை. வேண்டுமென்றே வைப்பது அதில் ஒரு பகுதிதான். மீதி சிகரெட், குப்பை எரிப்பு, மின்கம்பி, இயந்திரப் பொறி.

ஹைட்ரா தீவில் 2024 ஜூனில் ஒரு சொகுசுப் படகிலிருந்து விட்ட வாணவேடிக்கை அந்தத் தீவின் ஒரே பைன் காட்டில் விழுந்து பற்றியது என்று குற்றம் சாட்டி, படகு ஊழியர் 13 பேரைக் கைது செய்தார்கள். கிரீஸ் முழுக்கக் கொந்தளித்தது. வெளியாள் மீது கோபம் வருவது இப்படியான நேரத்தில்தான், நாம் விடுமுறைக்கு வந்ததற்காக அல்ல. அங்கே இன்னொரு வாக்குவாதமும் ஓடுகிறது. மாட்டிக்குப் பிறகு அரசு "உயிர் முதலில்" என்று ஊர்களைச் சீக்கிரமே காலி செய்ய வைக்கிறது. வீட்டைக் காக்க ஆளில்லாமல் எரிய விட்டார்கள் என்று 2021இல் எவியாக்காரர்கள் பலர் சினந்தார்கள், சிலர் போக மறுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்து நாமும் தங்கிவிடக் கூடாது. நாம் சீக்கிரம் கிளம்பினால் சாலை அவர்களுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் காலியாகும்.

## போவதென்று முடிவானால்

பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஊரை விட்டு வெளியேற எத்தனை சாலை, கடற்கரைக்கு நடந்து இறங்க எவ்வளவு நேரம். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் காடு எங்கே முடிகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

போன பிறகு, கிரீஸில் குடிமைப் பாதுகாப்புத் துறை மறுநாளுக்கான தீ அபாய வரைபடத்தைத் தினமும் வெளியிடுகிறது, 1 முதல் 5 வரை. நாலு, அஞ்சு என்றால் மறுநாள் மலைப்பக்கம் போகாதீர்கள். போனில் அவசர எச்சரிக்கைகள் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள். அவசர எண்ணான 112இலிருந்து போனுக்கு வரும் எச்சரிக்கை கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் வரும், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். கடவுச்சீட்டு, மாத்திரை, சார்ஜர் மூன்றும் இரவில் ஒரே பையில் இருக்கட்டும். வாடகைக் காரை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள், காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் பட்டால் அதுவே பற்றும்.